தாழ வைக்கிறவர்

அவர் யார் கையிலும் எதையும் கொடுக்கமாட்டார். யார் கையிலிருந்தும் எதையும் வாங்கவும் மாட்டார். கொடுக்கிறவர் கீழே வைக்க வேண்டும், பிறகு அவர் எடுத்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் இதைத் தாழ வைப்பது என்று சொல்வோம். அவரை நினைத்தால் எனக்கு முகம் அவ்வளவு தெளிவாக வருவதில்லை. பின்னால் கட்டிக்கொண்ட இரண்டு கைகள்தான் வருகின்றன.

நான் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனது சுதந்திரம் வந்த வருஷம். சுசீந்திரம் கோபுரம் தெரிகிற தூரத்தில், நாலு பக்கமும் வயல், நடுவே ஒரே தெரு. எங்கள் வீட்டை அடுத்த வீடு அவருடையது. போன நாலாம் நாள் என் மாமியார் ஒரு கிண்ணத்தில் புளிசேரி ஊற்றி, "பக்கத்துல மாமாக்க வீட்டுல கொண்டு குடுத்துட்டு வா" என்றாள். அவர் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒல்லி உடம்பு, வெளுத்த மீசை, தோளில் துவர்த்துத் துண்டு. நான் கிண்ணத்தை நீட்டினேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தாழ வை மக்கா" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. என் வாய் எப்படிப்பட்டது என்று நான் பிறந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே இன்னும் தெரியவில்லை. புதுப்பெண் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கிண்ணத்தைத் தரையில் ஓங்கி வைத்தேன். பாதி சிந்திவிட்டது. அவர் குனிந்து மீதியை எடுத்துக்கொண்டு, "கொள்ளாம், நல்ல மணமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து, என் கையில் என்ன சொறியா சிரங்கா என்று மாமியாரிடம் கத்தினேன். மாமியார் சிரித்தாள். "அவரு அப்படித்தான். உனக்க கையில மட்டும் இல்ல. சாமியே வந்து நீட்டினாலும் தாழ வையும்னுதான் சொல்லுவாரு."

கத்தி, அரிவாள், பாக்குவெட்டி இந்த மூன்றையும் எங்கள் பக்கத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அந்த இருவருக்கும் நடுவே சண்டை வரும். ஏன் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நானும் இன்றுவரை தாழ வைத்துத்தான் எடுக்கச் சொல்கிறேன். ஆனால் அவர் இரும்போடு நிறுத்தவில்லை. கடுதாசி, திருநீறு, வெல்லம், குடை, எதுவானாலும் அவருக்கு அதே விதிதான். தபால்காரர் கடிதத்தை முன்கூடத்தில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய் நிற்பார். என் மூத்தவள் பிறந்து அவரிடம் கொண்டு காட்டியபோது அவளையும் பாயில் கிடத்தச் சொன்னார். கிடத்திய பிறகு இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டார்.

"இவகூடயுமா சண்டை வரும் மாமா?" என்றேன்.

"உனக்க மகள்லா" என்றார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பத்திரம் பதிகிற கச்சேரியில் முப்பது வருஷம் எழுத்து வேலை. அண்ணனும் தம்பியும் ஒரு பலாமரத்துக்கும் ஒரு கிணற்றுக்கும் அடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள், இவர் அவர்கள் சண்டையை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார். பார்த்துப் பார்த்துப் பயந்துபோனார் என்று என் மாமியார் சொல்வாள். அவர் மனைவியைக் கேட்டால், வேலைக்குப் போகுமுன்னும் இப்படித்தான், கல்யாணப் பந்தலிலேயே இப்படித்தான் என்பாள்.

அப்படிப்பட்டவர் சேர்த்து வைத்திருந்தது பாக்குவெட்டிகள்.

நாற்பத்தொன்று. ஒரு பலாப்பலகைப் பெட்டியில், ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி. அவர் வெற்றிலை போடுகிறவர் அல்ல. ஒரு துண்டுப் பாக்கு வாயில் போனால் நெஞ்சை அடைத்து வியர்த்துவிடும். ஆனால் எந்த ஊரில் எவன் வீட்டில் பழைய பாக்குவெட்டி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியை முன்கூடத்துக்கு இழுத்து, எல்லாவற்றையும் பிரித்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வரிசையாக வைப்பார். கிளி மாதிரி பித்தளையில் ஒன்று. குதிரைத் தலை இரண்டு. பிடியின் அடியில் சுண்ணாம்புக்கு ஒரு சின்ன டப்பா உள்ளது ஒன்று. ஒரு ஆணும் பெண்ணும் எதிரெதிரே நிற்கிற மாதிரி ஒன்று, மூடினால் இரண்டு முகமும் ஒட்டிக்கொள்ளும். அருமனை ஊரில் ரப்பர் மரம் கீறுகிற ஒருவர் தன் தேய்ந்த கத்தியைக் கொல்லனிடம் கொடுத்து அடித்துக்கொண்டது ஒன்று, அசிங்கமாக இருக்கும், அதற்கும் அதே எண்ணெய்தான்.

கருங்கல் ஊர்ச் சந்தையில் ஒன்று வாங்கிய கதையை அவரே சொல்வார். மறுபடி பெய்யப்போகிற மழை, சந்தை முழுக்கச் சேறு. விற்கிற பெண் பாக்குவெட்டியை நீட்டி, "பிடியும்" என்றாளாம். இவர் தாழ வை என்றாராம். "இந்தச் சேத்துலயா வைக்கச் சொல்லுதீரு? பிராந்து பிடிச்சிருக்கா?" என்று அவள் கேட்டாளாம். இரண்டு பேரும் நின்றார்களாம். மழை வந்துவிட்டது. கடைசியில் இவர் தோளிலிருந்த துவர்த்தைச் சேற்றில் விரித்தாராம், அவள் அதன்மேல் வைத்தாளாம். "அவ ரெண்டு கெட்ட வார்த்தையும் சொன்னா. ஆனா சண்டை வரல்ல, கேட்டியா" என்று முடிப்பார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஒவ்வொன்றையும் காதோரம் பிடித்து மூடித் திறப்பார். "நல்ல பாக்குவெட்டி சத்தம் போடாது மக்கா. வாயை மூடுதது தெரியாம மூடணும்" என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். எனக்குத்தான் அந்தச் சொல் என்று தெரியும். நானும் விடமாட்டேன். "மூடியே இருந்தா பாக்கு எப்படி வெட்டும் மாமா?" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுப்பார்.

அவர் எதற்கும் சொல்கிற வார்த்தை "செரி" என்பதுதான். எனக்கு அதுதான் ஆத்திரம். அவர் வீட்டுப் பின்வேலியில் நல்ல காய்ப்புள்ள ஒரு தென்னை நின்றது. பின்வீட்டுக்காரன் ஒரு மழைக்காலத்தில் வேலி சாய்ந்ததைக் கட்டுகிறேன் என்று சொல்லி, தென்னைக்கு இந்தப் பக்கமாகக் கட்டிவிட்டான். மரம் அவனுடையதாகிவிட்டது. இவர் போய்ப் பார்த்தார். "செரி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"நாசமாப் போச்சு. பத்திரம் எழுதின மனுசன், உங்க மரத்தை ஒருத்தன் கண்ணு முன்னால கொண்டு போறான்" என்றேன்.

"மரம் எங்கயும் போகல்ல மக்கா. அங்கதான நிக்கு."

"தேங்காய்?"

"சவத்தை விடு."

நான் விடவில்லை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு போய் அந்த ஆளை அவன் வாசலிலேயே நிறுத்தி ஒரு நாழிகை கேட்டேன். என் புருஷன் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டார். வேலி மறுநாள் பழைய இடத்துக்குப் போனது. அதற்கு அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. நாலாம் நாள் விடியலில் எங்கள் வாசலில் ஆறு தேங்காய் வைத்திருந்தது. தாழத்தான்.

அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். கனத்த உடம்பு, எப்போதும் ஒரு கன்னம் உப்பியிருக்கும். ஊரில் அவளை மிஞ்சி வெற்றிலை போடுகிறவர்கள் கிடையாது. நாற்பத்தொரு பாக்குவெட்டிக்கும் வேலை அவளால்தான். தினமும் காலையில் அவர் பெட்டியிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவள் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் வைப்பார். அவள் அதனால் அன்றைய பாக்கை வெட்டுவாள். சாயங்காலம் அவள் தரையில் வைப்பாள், அவர் எடுத்துத் துடைத்துச் சுற்றிவைப்பார். வந்தவர்களிடம் அவர் சொல்வார், முப்பத்தைந்து வருஷத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது என்று.

"சண்டை போட ஒரு ஆளு வேணும்லா" என்று அத்தை உள்ளேயிருந்து சொல்வாள். "செரி செரின்னு சொல்லுதவர்கூட எப்படிச் சண்டை போட? செவுத்துகூடதான் போடணும்."

அவளுக்குப் பிடித்தது கிளியும் அல்ல குதிரையும் அல்ல. ஒரு சாதாரண இரும்புப் பாக்குவெட்டி, ஒரு பிடி லேசாக வளைந்தது, அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்தது. அதுதான் பெட்டியில் முதலாவது. அதிலிருந்துதான் அவருக்கு இந்தப் பைத்தியமே தொடங்கியது என்று அத்தை சொன்னாள்.

ஒருநாள் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர்கள் வீட்டுக்கு மாவு அரைக்கப் போயிருந்தேன். அவர் அந்த வளைந்த பிடிக்காரனை எடுத்துக்கொண்டு வந்து வழக்கம்போலக் குனிந்தார். அத்தை கையை நீட்டினாள்.

"இண்ணைக்குக் கையில தாங்க" என்றாள்.

அவர் நின்றார்.

"எப்பமும் தாழ வைக்கிய. ஒருநா கையில தாங்களேன். சண்டை வந்தா வரட்டும். வந்துதான் பாக்கட்டுமே."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் முகத்தில் விளையாட்டு இல்லை. நான் குழவியை நிறுத்திவிட்டேன். அவர் அவள் கையைப் பார்த்தார், பாக்குவெட்டியைப் பார்த்தார், மெல்லக் குனிந்து தரையில் வைத்தார். அத்தை கையை மடக்கிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் அதை எடுக்கவில்லை, வெற்றிலையும் போடவில்லை. மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது அவர் அதை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. எனக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது.

நான் அந்த ஊருக்குப் போன ஆறாம் வருஷம் அத்தை இறந்துபோனாள். ஒரு வாரக் காய்ச்சல். அவர் அழவில்லை. வந்தவர்கள் கையைப் பிடிக்க வந்தார்கள், அவர் பின்னால் கட்டிக்கொண்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் பெட்டி வெளியே வரவில்லை. நான்தான் ஒருநாள், துருப்பிடித்துவிடுமே மாமா என்றேன்.

"பிடிக்கட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார். "ஒருநா கேட்டா. நீயும் இருந்தல்லா. குடுத்திருக்கலாம்."

"குடுத்திருக்கலாம் மாமா" என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம், எனக்கு அது வராது.

"சண்டை வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது. நானும் எங்க வீட்டு ஆளும் நித்தம் போடுதோம். சோறு ரெண்டு பேரும்தான் தின்னுதோம்."

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் அந்த வீட்டில் தனியாக இருந்தார். நான் கஞ்சி கொண்டு வைப்பேன், எடுத்துக் குடிப்பார். உப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லமாட்டார். ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் கொடுத்துப் பார்த்தேன். குடித்துவிட்டார்.

ஒரே மகன். திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம், இரண்டு அறை உள்ள குவார்ட்டர்ஸ், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். ராஜ்யத்தைப் பிரிக்கிறார்கள், நம் தாலுகா எல்லாம் மதராஸோடு சேர்கிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயத்தில் அவன் வந்தான். நல்ல பையன். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் நானே நாலு கேட்டு அனுப்பியிருப்பேன்.

"அப்பா, இனி இது வேற ராஜ்யம். நான் அங்க, நீங்க இங்க. ஒரு தலைவலின்னா ஆரு பாப்பா? எனக்கு ஜோலியும் அங்கதான். வீட்டை வித்துட்டு என்கூட வந்துருங்க" என்றான்.

"செரி" என்றார்.

"வீட்டுக்கு ஆளு பாத்தாச்சு. அச்சாரமும் வாங்கியாச்சு."

"செரி."

"அந்தப் பெட்டி அங்க கொள்ளாதுப்பா. இடமும் இல்ல, சின்னப் பிள்ளையளும் இருக்கு. எல்லாம் வெட்டுத சாதனம். நாகர்கோவில்ல பாத்திரக் கடைக்காரன் ஒருத்தன்கிட்ட சொல்லியிருக்கேன். பித்தளையை உருக்க எடுத்துக்கிடுவான்."

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்கும் செரி என்பாரோ என்று காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். பிறகு அவர் குரல் கேட்டது. "உருக்க வேண்டாம். நான் ஊருல குடுத்துருதேன்."

மகனும் சரி என்றான். பத்து நாளில் கார் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் நான் அவரிடம் போனேன்.

"மாமா, உங்களுக்கு அங்க போக மனசு இருக்கா?"

"இல்ல."

"பின்ன என்னதுக்குச் செரின்னு சொன்னிய? வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் என்ன கட்டித் தூக்கிக்கிட்டா போகப்போறான்?"

"சொன்னா சண்டை வரும்லா" என்றார்.

அந்தப் பத்து நாளும் ஆள்கள் வந்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் இன்னது என்று யோசித்து வைத்திருந்தார். கோவில் மேளக்காரருக்குக் குதிரைத் தலை. தபால்காரருக்குச் சுண்ணாம்பு டப்பா வைத்தது. அவர் வயலில் நடவு நட்ட பெண்களுக்கு ஆளுக்கொன்று. வந்தவர் முன்னால் துணியைப் பிரித்து, அது எந்த ஊரில் யாரிடம் கிடைத்தது என்று இரண்டு வாக்கியம் சொல்லி, காதோரம் ஒருமுறை மூடித் திறந்து, தரையில் வைப்பார். வந்தவர் எடுத்துக்கொள்வார். யாரும் அழவில்லை. சும்மா கிடைக்கிற பொருள், சந்தோஷமாகத்தான் போனார்கள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் அவர் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்வதைக் கேட்கத்தான் எனக்கு முடியவில்லை. முன்பெல்லாம் கருங்கல் சந்தைக் கதையை அரை நாள் சொல்வார். இப்போது, "கருங்கல். மழை" என்று சொல்லி வைத்தார்.

மறுநாளே ஒருத்தி தனக்குக் கிடைத்ததால் சாக்குக் கயிறு அறுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வீட்டில் பிள்ளைகள் குதிரையின் காதை உடைத்துவிட்டார்கள். அவர் தெருவில் போகும்போது இரண்டையும் பார்த்தார். நடையில் மாற்றம் இல்லை.

எனக்கு வைத்தது கிளி. "உனக்க வாய்க்கு இதுதான் சேரும்" என்றார். சிரிக்க வேண்டிய இடம், இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"வருத்தமா இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தோணல மக்கா. மரத்துப்போன காலைக் கிள்ளினா எப்படி இருக்கும், அதுமாதிரி இருக்கு. கிள்ளுதான்னு தெரியும். வலி தெரியல்ல."

பத்தாம் நாள் காலையில் மகன் வாடகைக் காரில் வந்தான். சாமான் அதிகம் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. என் புருஷன் தூக்கிக் காரில் வைத்தார். நானும் மாமியாரும் முன்கூடத்தில் நின்றோம். பலாப்பெட்டி மூடி திறந்து ஓரத்தில் கிடந்தது, உள்ளே வேட்டித் துணிகள் மட்டும். மகன் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. பொய் இல்லை, உண்மையாகவே கலங்கியிருந்தது.

"அம்மைக்க பாக்குவெட்டி எங்கப்பா? அதையும் குடுத்தாச்சா?"

"இருக்கு."

"அது எனக்கு வேணும். நான் பத்திரமா வச்சுக்கிடுதேன். இஞ்ச தாங்க" என்று கையை நீட்டினான்.

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன். திருவனந்தபுரம் போய்ப் பதிமூன்று வருஷம் ஆனதில் மறந்துவிட்டானோ, அவசரத்தில் நீட்டினானோ தெரியாது. அவர் மடியிலிருந்து அந்த வளைந்த பிடிக்காரனை எடுத்தார். வழக்கம்போலக் குனிந்தார். பாதி குனிந்தவர் அப்படியே நின்றார். நீட்டிய கையைப் பார்த்தார். நான் அதே மாதிரி ஒரு கையை அந்த வீட்டில் முன்பு பார்த்திருக்கிறேன். அவர் நிமிர்ந்தார். பாக்குவெட்டியை மகனின் உள்ளங்கையில் வைத்தார். வைத்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன்மேல் மூடினார்.

"என்ன செய்யுதிய நீங்க" என்றாள் என் மாமியார், சன்னமாக.

மகன் முகம் வெளுத்துவிட்டது. எத்தனை வருஷம் ஆனால் என்ன, அவனுக்கும் தெரியும். அவசரமாகக் குனிந்து அதைத் தரையில் வைக்கப் போனான்.

"இனி வச்சு என்ன? வாங்கியாச்சு" என்றார் அவர். குரல் உயரவில்லை. கஞ்சி போதும் என்கிற மாதிரிதான் சொன்னார். "கையில தந்தாச்சு. இனி நமக்குள்ள சண்டை வரும்லா. சண்டை வாற ரெண்டு பேரு ஒரு வீட்டுல இருக்கக் கூடாது. நான் வரல்ல. நீ போயிட்டு வா மக்கா."

"அப்பா, இந்தக் காலத்துல இதெல்லாம் ஆராவது..."

"நான் வரல்ல."

அறுபத்தேழு வயதில் அவர் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், நான்தானே சொல்லச் சொன்னேன். வரவில்லை. மகன் பாக்குவெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தான். என் புருஷன் டிரங்குப் பெட்டியையும் படுக்கையையும் மறுபடி இறக்கினார்.

பிறகு நடந்தது அதிகம் இல்லை. அச்சாரம் வாங்கிய வீடு, தை மாதம் கைமாறியது. எங்கள் பின்கட்டில் நெல் வைக்கிற அறையை ஒழித்துக் கொடுத்தோம், அங்கே வந்துவிட்டார். மகனிடமிருந்து கடிதம் வரும். தபால்காரர் வைப்பார், இவர் எடுத்துப் படிப்பார், பதில் எழுதமாட்டார். கொஞ்ச நாளில் கடிதமும் நின்றது. சண்டை வந்துவிட்டது. அவர் உயிரோடு இருந்தவரை தீரவில்லை. வழக்கத்தை மீறினதால் வந்ததா, மகனோடு போகாததால் வந்ததா என்று என் மாமியாரும் புருஷனும் ராத்திரிச் சோற்றின்போது பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் பேச ஒன்றும் இருக்கவில்லை. பேசாமல் நான் இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு விஷயத்தில்தான்.

அந்தக் காலையில் கார் போன பிறகு அவர் முன்கூடத்தில், காலிப் பெட்டிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டன் சாயா போட்டு எடுத்து வந்தேன். ஒன்பது வருஷப் பழக்கம், அவர் முன்னால் குனிந்து டம்ளரைத் தாழ வைக்கப் போனேன்.

"இஞ்ச தா" என்றார். கையை நீட்டியிருந்தார்.

"மாமா..."

"தா மக்கா. உன்கூட சண்டை வந்தா வரட்டும், சாரமில்ல."

கொடுத்தேன். விரல்கள் பட்டன, சில்லென்று இருந்தன. நல்ல சூடு, துவர்த்தால் பிடியுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.